சிப்பாய்கள் கொண்டுபோன இசை, கொண்டுவந்த மாற்றம்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஜாஸ் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, பிரான்ஸ் மக்கள் அந்த இசையில் மயங்கியதற்கு முதல் உலகப் போரில் அங்கே போன கறுப்பின அமெரிக்கச் சிப்பாய்கள்தான் முக்கியக் காரணம் என்று இரண்டு வரி சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறைய பேர் எழுதிவிட்டீர்கள். எனவே இந்த முறை வேறு எதற்கும் போகவில்லை. அமெரிக்கப் படையில் பணியாற்றியவர்களால் பாட்டிலும் படிப்பிலும் சாப்பாட்டிலும் என்னென்ன நிலைத்தது என்பது மட்டும்தான்.

சிப்பாய்கள் துப்பாக்கியோடு போனார்களா, டிரம்பெட்டோடு போனார்களா? அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன்.
(வாசகி, திண்டுக்கல்)

இரண்டோடும்தான். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி இளைஞர்களை வைத்து உருவான கறுப்பினப் படைப்பிரிவு ஒன்று இருந்தது. பிற்பாடு 369-வது காலாட்படை என்று பெயர் மாறியது. அதில் லெப்டினன்டாக இருந்தவர் ஜேம்ஸ் ரீஸ் யூரோப். சாதாரண ஆள் இல்லை. 1912-லேயே நியூயார்க்கின் புகழ்பெற்ற இசை அரங்கான கார்னகி ஹாலில் கறுப்பின இசைக்கலைஞர்களின் பெரிய குழுவை மேடையேற்றியவர். படைப்பிரிவுக்கு நல்ல பேண்டு வேண்டும் என்று அதன் தளபதி கேட்டபோது, யூரோப் ஊரில் இருந்த ஆட்களோடு நிறுத்தவில்லை, புவேர்ட்டோ ரிக்கோ வரைக்கும் போய் வாத்தியக்காரர்களைத் திரட்டி வந்தார். அப்படி வந்தவர்களில் ஒருவர் ரஃபேல் எர்னாண்டஸ். பின்னாளில் லத்தீன் அமெரிக்காவின் மிகப் பெரிய பாடலாசிரியர்களில் ஒருவரானார்.

கப்பல் பிரான்ஸின் பிரெஸ்ட் துறைமுகத்தில் நின்றது, இறங்கியதும் பேண்டு பிரான்ஸின் தேசிய கீதத்தை வாசித்தது. கூடியிருந்த பிரெஞ்சுக்காரர்களுக்குத் தங்கள் கீதம்தான் என்று பிடிபடவே சில வரிகள் ஆகிவிட்டதாம். தாளம் அப்படி மாறியிருந்தது. 1918 பிப்ரவரியில் நாந்த் நகர அரங்கில் கச்சேரி, அப்புறம் ஊர் ஊராகப் பயணம். கேட்டவர்கள் அந்த வாத்தியங்களில் ஏதோ விசேஷமான கருவி பொருத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டதும் உண்டு.

இதை உற்சாகமாக மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. புறப்படும்போது நியூயார்க்கில் நடந்த வழியனுப்பு அணிவகுப்பில் இவர்களுக்கு இடமில்லை. பிரான்ஸில் இறங்கியதும் கையில் கொடுத்தது மண்வெட்டி, துறைமுக வேலை, ரயில் பாதை வேலை. வெள்ளையர்களோடு சேர்ந்து சண்டையிட அமெரிக்கப் படை விடவில்லை, பிரெஞ்சுப் படையிடம் ஒப்படைத்துவிட்டது. பிரெஞ்சுத் தலைக்கவசம், பிரெஞ்சுத் துப்பாக்கி, 191 நாள் போர்முனையில். படைப்பிரிவு முழுமைக்கும் பிரான்ஸ் தன் குருவா த கெர் விருதைக் கொடுத்தது. யூரோப்பும் பேண்டோடு மட்டும் இருக்கவில்லை. இயந்திரத் துப்பாக்கிப் பிரிவின் அதிகாரியாகப் பதுங்குகுழிகளில் இருந்தவர், நச்சுவாயு தாக்கி மருத்துவமனையில் கிடந்தபோதும் பாட்டு எழுதினார்.

1919 பிப்ரவரி 17-ஆம் தேதி ஐந்தாவது அவென்யூவில் தொடங்கி ஹார்லெம் வரை சுமார் 3,000 பேர் நடந்து வந்தார்கள். ஊரே தெருவில் நின்றது. மே 9-ஆம் தேதி, பாஸ்டன் கச்சேரியின் இடைவேளையில், பேண்டைச் சேர்ந்த ஒருவர் கோபத்தில் கத்தியால் குத்தியதில் யூரோப் இறந்துபோனார். நாற்பது வயதுகூட நிறையவில்லை. போர்முனையில் பிழைத்து வந்த மனிதர்.

ஆனால் அந்தப் பேண்டில் இருந்த நோபிள் சிஸில், யூபி பிளேக்குடன் சேர்ந்து 1921-ல் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் கறுப்பினக் கலைஞர்கள் மட்டுமே நடித்த இசை நாடகத்தைக் கொண்டுவந்தார். அந்த நாடகத்தின் ஊர்சுற்றும் குழுவில் ஆடிய பெண்களில் ஒருவர், பின்னாளில் பெரும் நட்சத்திரமான ஜோசஃபின் பேக்கர். 1925-ல் அவர் பாரிஸுக்குப் போனபோது அந்த ஊர் ஏற்கெனவே ஜாஸுக்குப் பழகிப்போயிருந்தது. தொடர்ச்சி என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

அந்தச் சிப்பாய்களில் யாராவது பிரான்ஸிலேயே தங்கிவிட்டார்களா?
(வாசகர், கும்பகோணம்)

தங்கினார்கள். ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அவர் அந்தப் படைப்பிரிவில் இல்லை, பிரான்ஸுக்காகப் போரிட்ட கறுப்பின அமெரிக்கர்: யூஜின் புல்லார்ட். ஜார்ஜியாவில் பிறந்தவர், சிறுவனாக வீட்டை விட்டு ஓடி எப்படியோ ஐரோப்பா போய்ச் சேர்ந்து, 1914-ல் பிரெஞ்சு அந்நியர் படையில் சேர்ந்தார். வெர்டூனில் படுகாயம். அப்புறம் விமானியானார். அமெரிக்கா போரில் இறங்கியதும் தன் நாட்டு விமானப் பிரிவுக்கு விண்ணப்பித்தார், நிறத்தைப் பார்த்து மறுத்துவிட்டார்கள். போருக்குப் பிறகு பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் டிரம்ஸ் வாசித்தார், இரவு விடுதி நடத்தினார். 1924-ல் அந்த விடுதியின் சமையலறையில் பாத்திரம் கழுவிய இளைஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், பிற்காலத்தில் பெருங்கவிஞர். ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்த பிறகு புல்லார்ட் நியூயார்க் திரும்பினார், கடைசிக் காலத்தில் ராக்கஃபெல்லர் சென்டரில் லிஃப்ட் இயக்கினார். பிரான்ஸ் 1959-ல் தன் உயரிய லெஜியன் தோனர் விருதை அவருக்குக் கொடுத்தது. அமெரிக்க விமானப்படை அவரை அதிகாரியாக ஏற்றது 1994-ல்; அவர் இறந்து 33 ஆண்டு கழித்து.

அமெரிக்கப் போர்களில் செத்தவர்கள் எத்தனை நாட்டு மக்கள்! அந்தப் படையினரின் 'பண்பாட்டுப் பங்களிப்பு' என்று எழுத உங்களுக்கு உறுத்தவில்லையா?
(வாசகர், கோயம்புத்தூர்)

உறுத்துகிறது. வியட்நாமையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அரசு 1995-ல் வெளியிட்ட கணக்குப்படி பொதுமக்கள் சுமார் 20 லட்சம், போராளிகள் சுமார் 11 லட்சம் பேர் இறந்தார்கள். இதைச் சொல்லாமல் அமெரிக்கச் சிப்பாயைப் பற்றி மட்டும் பேசினால் அது பொய்யாகிவிடும்.

அதே சமயம், போரை முடிவு செய்தவர் ஒருவர், போய் நின்றவர் இன்னொருவர். நான் இங்கே எழுதுகிற ஆட்களில் பெரும்பாலானோர் சொந்த நாட்டிலேயே இரண்டாம் தரமாக நடத்தப்பட்டவர்கள். அவர்கள் உண்டாக்கியதுதான் நீண்ட நாள் நின்றது, பெரிய ஜெனரல்களின் வெற்றிகள் அல்ல என்பது என் எண்ணம். அவர்களைப் பேசாமல் விடுவதால் அந்தப் போர்கள் நியாயமாகவும் ஆகாது, அநியாயம் குறையவும் செய்யாது. உங்கள் கேள்வி மட்டும் கூடவே இருக்கட்டும், விட்டுவிட வேண்டாம்.

சிப்பாய்களுக்கு அரசே இலவசமாகக் கதைப் புத்தகம் கொடுத்தது என்கிறார்களே, உண்மையா?
(நூலகர், தஞ்சாவூர்)

உண்மை, நீங்கள் நூலகர் என்பதால் இதை ரசித்து எழுதுகிறேன். ஹிட்லர் கட்சியினர் 1933 மே மாதம் ஜெர்மனியில் புத்தகங்களைத் தெருவில் போட்டு எரித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய பிறகு அங்குள்ள பதிப்பாளர்கள், நூலகர்கள், புத்தகக் கடைக்காரர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். கருத்துப் போரில் புத்தகமே ஆயுதம் என்பது அவர்களுடைய முழக்கம். 1943-லிருந்து 1947 வரை சுமார் 1,300 தலைப்புகள், ஏறக்குறைய 12 கோடி பிரதிகள். அத்தனையும் சிப்பாய்களுக்கு இலவசம்.

அச்சிட்ட விதத்தைச் சொல்லியாக வேண்டும். கெட்டி அட்டைப் புத்தகத்தைப் பதுங்குகுழிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது, காகிதமும் ரேஷன். எனவே பத்திரிகை அச்சடிக்கும் ரோட்டரி இயந்திரங்களைப் பயன்படுத்தினார்கள். ஒரே தாளில் ஒரு புத்தகம் மேலே, இன்னொன்று கீழே. பின் அடித்து, நடுவே குறுக்காக வெட்டினால் இரண்டு புத்தகம். அதனால்தான் அவை உயரம் குறைந்து, அகலம் கூடி, செக் புத்தகம் மாதிரி இருக்கும். ஒரு பக்கத்தில் இரண்டு பத்தி, வரி சின்னது, மங்கிய வெளிச்சத்திலும் படிக்கலாம். சீருடைப் பையில் செருகிக்கொள்ளலாம். பிரதிக்கு அரசு கொடுத்தது ஆறு சென்ட் அளவுதான். 1944 ஜூனில் நார்மண்டியில் இறங்கக் காத்திருந்த படையினருக்குத் தெற்கு இங்கிலாந்து முகாம்களிலேயே இவற்றைக் கொடுத்து அனுப்பினார்கள்.

கௌபாய் நாவல், துப்பறியும் கதை மட்டும் கொடுக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். கவிதை இருந்தது, வரலாறு இருந்தது. பள்ளிக்கூடப் பாடத்தைத் தாண்டி எதையும் தொட்டிராத பையன்கள் கையில் கிடைத்ததை எல்லாம் படித்தார்கள், ஒரு பிரதி பத்துக் கை மாறியது. 1944-ல் ஒரு தேர்தல் சட்டத்தில், அரசியல் வாடை அடிக்கும் புத்தகம் எதையும் படையினருக்குக் கொடுக்கக் கூடாது என்று ஒரு பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். பதிப்பாளர்கள் விடவில்லை. புத்தகத்தை எரிப்பவனை எதிர்த்துச் சண்டை போடும் சிப்பாய்க்கே புத்தகத் தடையா என்று கேட்டு எழுதினார்கள், சில மாதங்களில் அந்தப் பிரிவைத் தளர்த்தவேண்டியதாயிற்று.

விளைவுக்கு ஓர் உதாரணம் போதும். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு எழுதிய 'த கிரேட் கேட்ஸ்பி' 1925-ல் வந்தபோது முதல் பதிப்பு இருபதாயிரத்துச் சொச்சம் பிரதிகள், இரண்டாவது பதிப்பு விற்காமல் கிடங்கிலேயே தங்கியது. 1940-ல் அவர் இறந்தபோது அந்த நாவலைப் பேச ஆள் இல்லை. 1945-ல் சுமார் 1,55,000 பிரதிகள் படையினருக்குப் போயின. இன்று அது அமெரிக்கப் பள்ளிகளில் பாடநூல். விமர்சகர்களின் மறுவாசிப்புக்கும் இதில் பங்கு உண்டு, இருந்தாலும் ஒன்றரை லட்சம் பிரதி படைமுகாம்களைச் சுற்றி வந்ததைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. மலிவு விலை காகித அட்டைப் புத்தகம் போருக்குப் பிறகு அங்கே கொடிகட்டிப் பறந்ததற்கும் இந்த வாசகர் கூட்டம் ஒரு காரணம்.

பெண்கள் யாருமே இல்லையா? கண்டியிலிருந்து எழுதுகிறேன், போர்க்காலத்தில் இங்கே அமெரிக்கர்கள் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.
(வாசகி, கண்டி)

உங்கள் ஊர்க் கதையே இருக்கிறது. 1944-ல் மவுண்ட்பேட்டன் தென்கிழக்கு ஆசியப் படைத் தலைமையகத்தை டெல்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார், பேராதனைத் தாவரவியல் பூங்கா அலுவலகமாக மாறியது. அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ்.ஸும் பக்கத்திலேயே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முகாம் போட்டது. ரகசியக் கோப்புகள், தந்திகள், ஒற்றர் அறிக்கைகள் எல்லாம் வந்து சேரும் பதிவகத்தை அங்கே கவனித்துக்கொண்டவர் ஜூலியா மெக்வில்லியம்ஸ், கலிபோர்னியாக்காரர். ஆறடிக்கு மேல் உயரம். உயரம் அதிகம் என்று பெண்கள் படைப்பிரிவில் எடுத்துக்கொள்ளாததால்தான் இந்த வேலைக்கே வந்தார்.

அதே முகாமில் வரைபடங்களும் காட்சிப் பலகைகளும் தயாரித்துக்கொண்டிருந்த பால் சைல்டைச் சந்தித்தார். அங்கிருந்து இருவருக்கும் சீனாவில் வேலை, 1946-ல் கல்யாணம், 1948-ல் பால் சைல்டின் பணிக்காகப் பிரான்ஸ். முப்பத்தாறு வயதில் அங்கே முதன்முதலாகச் சாப்பிட்ட ஒரு மீன் சாப்பாடு ஜூலியாவைச் சமையல் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்கு முன் அவருக்குச் சொல்லிக்கொள்ளும்படி சமைக்கவே தெரியாது. 1961-ல் இரண்டு பிரெஞ்சுப் பெண்களோடு சேர்ந்து அவர் எழுதிய பிரெஞ்சுச் சமையல் நூலும், 1963-ல் பாஸ்டனில் தொடங்கிய தொலைக்காட்சி நிகழ்ச்சியும் அமெரிக்க வீடுகளின் சமையலறையையே மாற்றின. ஜூலியா சைல்ட் என்றால் இன்று தெரியாதவர் அங்கே குறைவு. அவருடைய சமையலறை அப்படியே வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்டியில் கோப்பு அடுக்கியதற்கும் சமையலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பத்து வருஷம் ஒவ்வொரு செய்முறையையும் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, குறித்து, வகைப்படுத்தி வைத்த அந்தப் பொறுமையைப் பார்த்தால் சம்பந்தம் தெரியும்.

சாப்பாடு என்றதும் கேட்கிறேன், கொரியத் தொடர்களில் வரும் 'படைமுகாம் குழம்பு' இவர்கள் விட்டுப்போனதா?
(கல்லூரி மாணவி, சென்னை)

ஆமாம், புதே ஜிகே. தென் கொரியாவின் உயிஜொங்பு நகரத்து அமெரிக்கப் படைமுகாம்களிலிருந்து வெளியே வந்த டப்பா இறைச்சி, சாசேஜ் இவற்றைக் கிம்ச்சியோடும் மிளகாய் விழுதோடும் கொதிக்கவைத்து உண்டாக்கியது. பசியில் பிறந்த சாப்பாடு அது. கொரியப் போருக்குப் பிறகு இறைச்சியே கிடைக்காத மக்கள், சிப்பாய்கள் மிச்சம் வைத்ததை வாங்கிச் சமைத்தார்கள். பெருமை அமெரிக்கருக்கு இல்லை, அதைக் குழம்பாக்கிய கொரியப் பெண்களுக்குத்தான்.

போர் முடிந்து வந்தவர்களுக்கு அரசே கல்லூரிப் படிப்புக் கொடுத்ததாமே? அதனால் கலைக்கு என்ன லாபம்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை)

1944 ஜூன் 22-ஆம் தேதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம், ஜி.ஐ. பில் என்பார்கள். கல்விக் கட்டணம், மாதப் படி, வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம். 1956-க்குள் சுமார் 78 லட்சம் பேர் படிப்பு அல்லது தொழிற்பயிற்சி பெற்றார்கள், அதில் 22 லட்சம் பேர் கல்லூரிக்குப் போனவர்கள். கடற்படையில் இருந்த ஹாரி பெலஃபோன்டே இந்தப் பணத்தில் நாடகம் படித்தார். ஜெனரல் பேட்டனின் படையில் பேண்டு நடத்திய டேவ் புரூபெக், பிரெஞ்சு இசையமைப்பாளர் தாரியுஸ் மியோவிடம் இசை படித்தார். அந்தப் புரூபெக் குழு 1958-ல் இந்தியா வந்தபோது சென்னையிலும் வாசித்தது.

ஆனால் ஆசிரியரே, சட்டம் எல்லோருக்கும் பொது, கிடைத்தது எல்லோருக்கும் இல்லை. 1947-ல் மிஸிஸிப்பியின் 13 நகரங்களில் எடுத்த கணக்கில், படைவீரர்களுக்கு உத்தரவாதம் தந்த 3,229 கடன்களில் கறுப்பினத்தாருக்குப் போனவை இரண்டு. ஐசக் வுடார்ட் என்ற சார்ஜென்ட், 1946 பிப்ரவரியில், படையிலிருந்து விடுவிக்கப்பட்ட சில மணி நேரத்தில் சீருடையோடு பேருந்தில் ஊருக்குப் போகும் வழியில் தென் கரோலினாவில் போலீஸார் அடித்ததில் இரண்டு கண்ணையும் இழந்தார். அடித்த அதிகாரியை வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி விடுவித்தது. இதைக் கேட்டு அதிர்ந்தவர்களில் ஒருவர் அதிபர் ட்ரூமன். 1948 ஜூலையில் படைகளில் நிறப் பிரிவினையை ஒழிக்கும் ஆணையை வெளியிட்டார். நார்மண்டியில் பணியாற்றிய மெட்கர் எவர்ஸ் ஊர் திரும்பி 1946-ல் ஓட்டுப் போடப் போனபோது துப்பாக்கிக் கும்பல் மறித்தது. அவர் அதோடு ஒதுங்கவில்லை. மிஸிஸிப்பியில் கறுப்பினத்தாரின் குடிமை உரிமைப் போராட்டத்தை முன்னின்று நடத்தி, 1963-ல் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த வீரர்கள் விட்டுச் சென்றதில் ஆகப் பெரியது எது என்று கேட்டால் இதையே சொல்வேன். பாட்டும் புத்தகமும் அப்புறம்தான்.

வாஷிங்டனில் உள்ள வியட்நாம் நினைவுச் சுவர் ஏன் அவ்வளவு பேசப்படுகிறது? வெறும் கல்தானே?
(வாசகர், சேலம்)

கல் நம் பக்கத்துக் கல், பெங்களூரிலிருந்து போனது. அதை எழுப்பவேண்டும் என்று கிளம்பியவர் ஜான் ஸ்க்ரக்ஸ், அந்தப் போரில் காயம்பட்டுத் திரும்பிய சாதாரணச் சிப்பாய். அரசிடம் கேட்டது இடத்தை மட்டும், பணம் மக்களிடம் திரட்டியது. 1981-ல் நடந்த போட்டிக்கு வந்த 1,421 வடிவமைப்புகளில் தேர்வானது மாயா லின் என்ற 21 வயது மாணவியுடையது. சீன வம்சாவளிப் பெண் என்பதற்காக அவர் பட்ட வசவு கொஞ்சமில்லை. கறுப்பு நிறம், தரைக்குக் கீழே இறங்கும் வடிவம், சிலை இல்லை, கொடி இல்லை என்று படைவீரர்களிலேயே ஒரு சாரார் எதிர்த்தார்கள்.

1982 நவம்பரில் திறந்ததும் நிலைமை மாறிவிட்டது. 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், அகர வரிசையில் இல்லை, பதவி வரிசையிலும் இல்லை, இறந்த நாள் வரிசையில். ஒரே நாளில் சேர்ந்து செத்தவர்கள் கல்லிலும் சேர்ந்தே இருக்கிறார்கள். பளபளப்பான கல்லில் படிப்பவர் முகமும் தெரியும். மக்கள் தாமாகவே கடிதம், பூட்ஸ், பொம்மை, பதக்கம் எல்லாம் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தார்கள், பூங்காத் துறை அவற்றைக் குப்பையில் போடாமல் சேர்த்துவைத்தது, இப்போது லட்சக்கணக்கில் இருக்கின்றன. அதற்குப் பிறகு உலகில் பல இடங்களில் எழுந்த நினைவிடங்கள் குதிரை மீது தளபதி என்ற பாணியை விட்டுப் பெயர்களின் பக்கம் திரும்பின. வியட்நாமியர் பெயர் அதில் இல்லையே என்று கோயம்புத்தூர் வாசகர் கேட்பார். கேட்க வேண்டியதுதான்.

நவஹோ மொழியில் ரகசியச் செய்தி அனுப்பியது பற்றி ஒரு வரி.
(வாசகர், ஈரோடு)

ஒரு வரி போதாது. நவஹோ அமெரிக்கப் பூர்வகுடி இனங்களில் ஒன்று. 1942-ல் 29 நவஹோ இளைஞர்கள் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் சேர்ந்து, தங்கள் மொழியை வைத்து ஒரு சங்கேதம் உண்டாக்கினார்கள். டாங்கிக்கு ஆமை, நீர்மூழ்கிக்கு இரும்பு மீன், கையெறி குண்டுக்கு உருளைக்கிழங்கு. போர் முடிவதற்குள் சுமார் 400 பேர் இந்த வேலையில் இருந்தார்கள். பிடிபட்ட ஒரு நவஹோ சிப்பாயை ஜப்பானியர் சித்திரவதை செய்து கேட்க வைத்தார்கள், சங்கேதம் தெரியாத அவருக்கு அது பொருளில்லாத சொற்களின் கோவையாகவே பட்டது.

இதே இளைஞர்களில் பலர் சிறுவயதில் அரசு விடுதிப் பள்ளிகளில் தாய்மொழி பேசியதற்காகத் தண்டனை வாங்கியவர்கள். வாயில் சோப்புப் போட்டுத் தேய்த்ததை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஊர் திரும்பியபோது அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் அவர்களுக்கு ஓட்டுரிமை கிடையாது, 1948-ல்தான் வந்தது. செய்ததை வீட்டில்கூடச் சொல்ல முடியாது, ரகசியத் தடை நீங்கியது 1968-ல். முதல் 29 பேருக்குத் தங்கப் பதக்கம் 2001-ல், அப்போது ஐந்து பேர்தான் உயிரோடு இருந்தார்கள். பதக்கத்தைவிட முக்கியமானது வேறு: நவஹோ இளைஞர்களுக்குத் தங்கள் மொழி மேல் வந்த மதிப்பு. பூர்வகுடி மொழிகளைப் பேசவும் கற்பிக்கவும் உரிமை உண்டு என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது 1990-ல். அந்த மொழியை நம்பிப் போர் நடத்தியது அதற்கு ஏறக்குறைய ஐம்பது வருஷம் முன்னால்.